இறுக்கித் திருகிய மூடி

பஞ்சு அடைத்த டெஸ்ட் டியூப்களை ஒதுக்கிவிட்டுத் திருகுமூடி போட்ட குப்பிகளை வாங்க வைத்தது நான்தான். தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் எனக்கு முதல் வேலை. மைக்ரோபயாலஜி படித்து முடித்த சூட்டில் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் எனக்கு. மே மாதத்து லாரிப் புழுதி பஞ்சின்மேல் படிந்தது. உள்ளே கிருமி வளர்க்கும் அகார் கூழ் இரண்டே நாளில் காய்ந்து சுருங்கியது. புதுக் குப்பிகள் வந்ததும் ஒவ்வொரு மூடியையும் விரல் சிவக்கத் திருகினேன். இனி எறும்புகூட நுழையாது என்று அப்படி ஒரு பெருமை.

அந்த வாரம் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றைச் சேர்த்தார்கள். ரத்தமும் சளியுமாகப் பேதி. அவளுடைய அம்மா காலையில் லேப் வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னா பூச்சின்னு தெரிஞ்சிச்சாம்மா?"

"நாளைக்குத் தெரிஞ்சிரும்."

"நேத்தும் இதான் சொன்னே. பூச்சிக்கு நாளு நட்சத்திரம் பாக்குறியா?"

மலத்தை மெக்கான்கி என்ற அகார் தட்டில் தேய்த்திருந்தேன். சாதாரணக் குடல் கிருமிகள் அதிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று இளஞ்சிவப்பாக வளரும். வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் கிருமிக்கு நிறம் இருக்காது. தட்டில் இரண்டு மாதிரியும் இருந்தன. நிறமில்லாத புள்ளி ஒன்றைத் தொட்டு, டி.எஸ்.ஐ. என்ற சிவப்பு அகாரைச் சரிவாக உறைய வைத்திருந்த இரண்டு குப்பிகளில் குத்தினேன். கடுப்புக் கிருமியானால் அடிப்பாகம் மஞ்சளாகி மேல்சரிவு சிவப்பாக நிற்கும். முழுக்க மஞ்சளானால் பயமில்லை. ஒரு குப்பியின் மூடி மட்டும் விரிசல் விட்டிருந்ததால் அதற்குப் பழையபடி பஞ்சு அடைத்தேன்.

மறுநாள் மூடி போட்ட குப்பி முழுக்க மஞ்சள். பஞ்சு அடைத்ததில் மேலே சிவப்பு, கீழே மஞ்சள். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பஞ்சு வழியாக ஏதோ புகுந்து கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். தட்டில் நிறமில்லாமல் இருந்தது? லாக்டோஸை மெதுவாகத் தின்னும் வகையாக இருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம். நோய்க்கிருமி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தைகள் டாக்டர் அந்தத் தாளோடு இறங்கி வந்தார்.

"ரத்தம் நிக்கவே இல்ல. நீ ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கே. நிச்சயமா?"

"மறுபடி பாத்துச் சொல்றேன் சார்" என்றேன். அவர் போனதும் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே ஒரு வரி. சரிவு மறுபடி சிவக்கக் காற்று வேண்டும். மூடியைத் தளர்வாக விடவும். பரீட்சையில் நானே எழுதிய வரி. என் கையாலேயே கிருமியின் மூச்சை அடைத்து, அது மஞ்சளாகத்தான் இருக்கிறது என்று சாட்சியும் சொல்லியிருக்கிறேன்.

மாடிக்கு ஓடினேன்.

"சார், தப்பு என்னோடது. அது கடுப்புக் கிருமிதான்."

அவர் திட்டவில்லை. "எந்த மருந்து கேக்கும்?" என்றார்.

"டிஸ்க் போட்டுப் பாக்கணும் சார். நாளைக்குக் காலைல தெரியும்."

"நாளைக்கு" என்று திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான்.

இன்குபேட்டர் கதவை எத்தனை தரம் திறந்து பார்த்தாலும் கிருமி எனக்காக அவசரப்படாது. காலையில் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மருந்தில் தோய்த்த காகித டிஸ்க்கை ஒட்டி, விளிம்புவரை கிருமி செழித்திருந்தது. ஒரே ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் கிருமி வளராத தெளிவான வட்டம். தாளோடு வார்டுக்குப் போனால் கட்டில் காலி. விடியும்போதே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

மின்சார ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேண்டுமென்றே நிற்பதுபோல இருந்தது. அங்கே டியூட்டி டாக்டர் தாளை வாங்கிப் படித்து மருந்தை மாற்றி எழுதினார். கட்டிலருகே அந்த அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீ இன்னாத்துக்கு வந்தே?"

"நான் தப்பா பாத்துட்டேன். மொதல் ரிப்போர்ட் தப்பு."

குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "நேத்திலேர்ந்து ஒரு சொட்டு மூத்திரம் போவல என் கொழந்த. கண்ணு உள்ள போய்கினே கீது" என்றாள். "போவாத. இங்கயே குந்து. நீயும் பாரு."

உட்கார்ந்தேன். டிரிப் ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. மத்தியானம் போய் வெயிலும் சாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. திடீரென்று அவள் குழந்தைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்து, "நர்ஸம்மா! மூத்திரம் போய்ட்டா! ஈரமா கீது!" என்று வார்டே அதிரக் கத்தினாள்.

என் கையையும் இழுத்து அந்த ஈரத் துணியில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அது டிரிப் செய்த வேலை, என் தாள் செய்ததில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.