மோரில் விழுந்த வெள்ளைத் தூள்

கனகம்மாசத்திரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருத்தணிக்குப் போய், பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள் ஷோபனா. பெயர் சொல்லாமல் கொடுக்கும் உப்பை இன்னதென்று கண்டுபிடிப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே சோதனையை மூன்று முறை செய்தாள்.

காலையில் கழனியிலிருந்து வந்த மாமனார் சுந்தரமூர்த்தி மோர் கேட்டார். அலமாரியில் இருந்த கவரில் உப்புதான் இருக்கிறதென்று மாமியார் பாஞ்சாலி ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். பாதி குடிப்பதற்குள் முகம் சுருங்கியது. பிறகு ஓயாத வாந்தி. திருத்தணி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "நெல்லுக்கு மருந்துன்னு வாங்கியாந்தது" என்பதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. உரக்கடைக்காரர் போன் எடுக்கவில்லை.

"பூச்சி மருந்தா, உரமா? தெரிஞ்சா நல்லாருக்கும்மா" என்றார் டாக்டர்.

ஆய்வகச் சாவி ஷோபனாவின் பையில் இருந்தது. கவரோடு பள்ளிக்கு ஓடினாள். பேரியம், ஈயம், ஆர்சனிக் என்று பாடத்தில் வரும் விஷமெல்லாம் மனசுக்குள் வரிசை கட்டி நின்றது.

தூள் தண்ணீரில் தெளிவாகக் கரைந்தது. பேரியம் குளோரைடு விட்டதும் வெள்ளையாகத் திரிந்தது. அமிலம் ஊற்றியும் கரையவில்லை. சல்பேட். பேரியமும் ஈயமும் சல்பேட்டாக இருந்தால் தண்ணீரில் கரையாது; அப்படியானால் அவை இரண்டும் இல்லை. அடுத்த குழாயில் அம்மோனியா விட்டாள். கூழ் போல வெள்ளை எழும்பியது. நெல்லுக்குப் போடும் ஜிங்க், அதாவது துத்தநாகமென்றால் மேலும் விட்டதும் கரைய வேண்டும். கரையவில்லை.

போன் அடித்தது. புருஷன் பூபாலன். "இன்னா பண்ணிகினு இருக்க? நைனாவுக்கு பி.பி. கொறையுதாம்."

"இதோங்க, இன்னும் கொஞ்ச நேரம்."

அவசரத்தில் தூளை அதிகமாகப் போட்டதும், அதைக் கரைக்க அம்மோனியா போதாததும் அப்போதுதான் உறைத்தது. குழாயைக் கழுவி, சிட்டிகை மட்டும் எடுத்து மறுபடி செய்தாள். வெள்ளை எழும்பியது; மேலும் விட, கண் முன்னே தெளிந்தது. இன்னொரு முறையும் செய்து பார்த்தாள், அதேதான்; ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"ஜிங்க் சல்பேட், டாக்டர்."

"நிச்சயமாவா?"

மாணவன் தப்பாகச் சொன்னால் மார்க் போகும். இங்கே போவது அதுவா?

"ஜிங்க் சல்பேட் இருக்குதுங்க. அதுல வேற ஏதாவது கலந்திருந்தா எனக்குத் தெரியாது. மிச்சத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பிடுங்க."

டாக்டர் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். வராந்தாவில் பாஞ்சாலி, "நானே குடுத்துட்டனேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஷோபனா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கடைக்காரர் திரும்ப அழைத்தார். "ஆங், ஜிங்க்தாம்மா குடுத்தேன். பயிர் மஞ்சளாப் பழுக்குதுன்னாரு."

மறுநாள் சுந்தரமூர்த்திக்குக் கஞ்சி இறங்கியது. சிறுநீரகம் கெடவில்லை என்று ரத்தப் பரிசோதனை வரும்வரை ஷோபனாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு திரும்பியதும் உரக் கவர்களையெல்லாம் அவளே மோட்டார் ரூமுக்குத் தூக்கிப் போய் வைத்துப் பூட்டினாள்.