நாலு மணி ஏழு நிமிஷம்

பிள்ளைகளே, வேன் வாடகைக் கணக்குக்கு நோட்டில் படிக்கட்டு மாதிரி கோடு போட்டிருந்தீர்கள். அதை நான் விளக்கிச் சொன்னதும், "ஆறாம் வகுப்பு படிச்ச அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்?" என்று சந்தோஷப்பட்டீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேராகச் சேர்ந்து வேன் பிடித்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போவோம். வேன், ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவருடையது. வாடகை முதல் இரண்டு மணி நேரத்துக்கு எட்டு வெள்ளி. அதற்கு மேல் மணிக்கு மூன்று வெள்ளி. கையில் கடிகாரம் கட்டியிருந்தவன் நான் என்பதால் கணக்கு என் பொறுப்பு.

முதல் தடவையே தப்பு செய்தேன். இருபது நிமிஷம் கூடிப்போனது. மணிக்கு மூன்று என்றால் இருபது நிமிஷத்துக்கு ஒரு வெள்ளி என்று ஒன்பது வெள்ளி வசூலித்து நீட்டினேன். பாய் சிரித்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஒரு மணி நேரம்தான். பதினொண்ணு குடு லா."

"நம்ம கிராணி கணக்குல புலி!" என்று என்னைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக்கி வேனுக்குள் கேலி. குறைந்த இரண்டு வெள்ளியை நானே போட்டேன். வீட்டுக்கு வந்து தேயிலைப் பெட்டிப் பலகையில் கரிக்கட்டியால் வரைந்து பார்த்தேன். இரண்டு மணி நேரம் வரை சமமாகப் போகும் கோடு, சட்டென்று ஒரு படி ஏறி மறுபடி சமமாகப் போகிறது. இனிமேல் அந்தப் படியில் கால் வைக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் வந்தது. கொழுந்து பறிக்கிற பெண். அதன் புருஷன் வயிற்றில் ஆபரேஷன் செய்து படுத்திருந்தார். இரண்டு மணிக்குக் கிளம்பினோம். நாலுக்குள் திரும்ப வேண்டும். மூன்றரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வார்டு வாசலில் நின்று, "கிளம்பு, கிளம்பு" என்றேன்.

"அண்ணே, ஊசி போட்டதுல தூங்கிட்டாரு. இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்காரு. நாலு வாய் கஞ்சி ஊட்டிட்டு ஓடியாந்துர்றேன்."

"வாடகை அடுத்த மணிக்கு ஏறிடும்மா. எல்லார் காசும் போயிடும்."

கட்டிலில் இருந்த மனிதர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "போ புள்ள, எனக்குப் பசிக்கல" என்றார். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். தங்கச்சி தூக்குச்சட்டியை மூடி எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தது.

திரும்பும் வழியில், மலை வளைவில் கோலா தெர்லாவிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்த வழியில்லை. வேன் லயத்தில் நிற்கும்போது நாலு மணி ஏழு நிமிஷம்.

ஆளுக்கு ஐம்பது காசு மேலே வாங்கினேன். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. தங்கச்சி தன் பங்கைக் கொடுத்துவிட்டுக் கேட்டது.

"அப்ப அஞ்சு மணி வரைக்கும் காசு குடுத்தாச்சாண்ணே?"

"ஆமாம்மா."

"ஊட்டிட்டே வந்திருக்கலாம் லா."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு தனக்குச் சரியாகப் புரிந்ததா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னது. எனக்குக் காது சுட்டது. படி ஏறக்கூடாது என்பதையே பார்த்தேன். ஏறிவிட்டால் மேலே ஒரு மணி நேரம் அகலமாகக் கிடக்கிறதே, அதை நான் பார்க்கவில்லை. ஐம்பது காசுக்கு ஒரு நோயாளியின் வாயில் கஞ்சி போகாமல் செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வேனில் ஏறியதும் கடிகாரத்தைக் கழற்றி அதன் கையில் வைத்தேன். "இன்னைக்கு எப்ப கிளம்பணும்னு நீயே சொல்லும்மா."

அது கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டியது.

"எனக்கு மணி பாக்கத் தெரியாதுண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."