பத்துமணிச் செடிக்குத் தண்ணீர்

வெள்ளைக்காரன் காலத்தில் நில அளவை வேலையாகக் கொல்லிமலையில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு ஃபாரஸ்ட் கார்டு, கூன் விழுந்த நெட்டை மனிதர். கொட்டாங்குச்சிகளில் பத்துமணிச் செடி வைத்திருந்தார். நுனியைக் கிள்ளி ஊன்றினால் போதும், விளிம்பு தாண்டித் தொங்கும் செடி அது. அவரிடம் ஒன்றும் பிழைக்கவில்லை. மலைப்பனி போதாதென்று காலையும் மாலையும் செம்பு செம்பாக ஊற்றி அழுகவிடுவார். மறுபடி ஊன்றுவார்.

ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன்: "தண்ணி வேண்டாங்க. காயவிட்டாத்தான் பொழைக்கும்."

"எம்பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்பவும் தண்ணி ஆகாதுன்னுதானுங்க சொன்னாங்க. நான் குடுக்கலீங்க. கேட்டுக்கிட்டே போயிருச்சு."

அவர் கையில் செம்பு காலியாக இருந்தது. செடி அழுகும் என்று தெரிந்தேதான் அதை வாங்கிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தேன்.