அறுபத்துநாலு எழுத்து

மருந்துக் கம்பெனி அக்காவுக்கு அச்சகக்காரர் வைத்த பட்டப்பெயர் எழுத்தெண்ணி. மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விவரச் சீட்டின் ஃபைலை அக்கா அச்சுக்கு அனுப்பினால், இரு பக்கமும் அதன் ஹாஷை, அதாவது ஃபைலிலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் அடையாளக் குறியீட்டை, எடுத்துப் போனில் ஒப்பிட்டாக வேண்டும். ஒரு வரியோ ஒரு புத்தகமோ, ஹாஷ் பிழிந்து தருவது அறுபத்துநாலு எழுத்துதான். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் மாறிவிடும்.

“நாலு எழுத்து ஒத்துப்போனா போதாதாக்கா?” என்று அச்சகக்காரர் தினமும் அலுத்துக்கொள்வார்.

அன்று முதல் எழுத்தே ஒத்துப்போகவில்லை.

“சும்மா திறந்துதான் பாத்தேன். எங்க மாறியிருக்கு?”

“மாறிடுச்சுன்னுதான் இது சொல்லும், எங்கன்னு சொல்லாது. அதைத் தூக்கிப் போடுங்க தம்பி, மறுபடி அனுப்பறேன்.”

அக்கா அனுப்பினார். மனசு கேட்காமல் அச்சகக்காரர் இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். கைதவறி விசை பட்டதில், குழந்தைக்கு 3 மில்லி என்றிருந்தது 8 ஆகியிருந்தது.

மறுநாள் அவரே முந்திக்கொண்டு போன் செய்தார்.

“சொல்லுங்கக்கா, மெதுவா. அறுபத்துநாலையும்.”