வலது காதில் ஊற்றிய தண்ணீர்

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தச் சமயம் பார்த்து, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்த என் ஒரே அக்காவுக்குத் தலைசுற்றல் முற்றிவிட்டது. வரப்பில் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்வாள். சில நாள் கட்டிலை விட்டே எழமாட்டாள். மலையாள எல்லையில் இருக்கும் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே விளக்கம்தான், காற்றுக்கருப்பு. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பி.எஸ்ஸி. படித்த நானும் பக்கத்தில் கைகட்டி நின்றேன்.

எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில், மறுமுனை அவன் உடன்பிறந்தவளின் கையில். பிறந்த வீட்டில் அவளுக்குள்ள உரிமைக்கு அதுதான் சாட்சி. ஆனால் மணவறையில் அக்கா விழுந்துவைத்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன். அவளுக்குப் பதில் சித்தப்பா மகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான்.

“உக்கோந்துக்கிட்டுச் செய்யறனே, கண்ணு,” என்றாள் அக்கா.

“அதெல்லாம் பாக்க நல்லா இருக்காதுக்கா,” என்று வாயை அடைத்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து, யாரோ சொல்லி, கோயம்புத்தூரில் ஒரு காது டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனேன். அவர் அக்காவைப் படுக்கவைத்து இடது காதில் குளிர்ந்த தண்ணீரைப் பீச்சினார். கொஞ்ச நேரத்தில் அவள் கண்கள் இரண்டும் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தன. “ஊடே சுத்துது சாமி!” என்று என் கையை இறுக்கினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றல் அடங்கியபின் வலது காதில் ஊற்றினார். கண்கள் அசையவேயில்லை.

“இந்தக் காதுலதான் கோளாறு. நல்ல காதுன்னா தண்ணி பட்டதும் சுத்தணும்,” என்றார்.

அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். “ஏனுங்க டாக்டர், உக்கோந்துக்கிட்டு ஒரு சேலை முனையப் புடிச்சிருந்தா நான் உழுந்திருப்பனுங்களா?”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “உட்கார்ந்திருந்தா எதுக்கும்மா விழப்போறீங்க?” என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. தப்புச் செய்துவிட்டேன் அக்கா என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் அப்போது வரவில்லை. இன்றுவரை அது என்னை அரிக்கிறது.

வெளியே வரும்போது படியில் தடுமாறினாள். பிடித்துக்கொள்ளட்டும் என்று என் தோள்துண்டின் முனையை நீட்டினேன்.

“வேண்டாஞ் சாமி, நான் செவுத்தையே புடிச்சுக்கறேன்,” என்றாள்.