பல்லி சொன்ன பிக்கப்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கம்பைநல்லூர்ப் பக்கம் ஆடுகூட மேய மறுத்த கரட்டு நிலம் ஏழு ஏக்கரை வாங்கி, பாறையை உடைத்து, மாந்தோப்பாக்கினேன். தண்ணீர் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு, இங்கே ஊற்றே கிடையாது என்றார். அவர் நின்று சொன்ன இடத்திலேயே கிணறு வெட்டினேன். இன்றைக்கும் வற்றவில்லை. அரூரில் புளி மண்டி வைத்தேன். மூன்று லாரி ஓட்டினேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்த அலுவலகத்தில் பிறகு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். ஒருத்தி மருந்து எழுதுகிறாள், இன்னொருத்தி கணக்கு வாத்தியார். கைதூக்கி விட ஒரு ஆள் இருந்ததில்லை. கீழே தள்ளப் பத்துப் பேர் இருந்தார்கள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. ஆனால் நான் செய்ததிலேயே பெரிய காரியம் ஒன்பது வயதில் செய்தது. அதை யாரும் எங்கேயும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

என் மாமாவிடம் ஒரு வண்டி இருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். பழைய ஜீப் ஒன்றின் பின்பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டுப் பலகையில் தொட்டி கட்டிய பெட்ரோல் வண்டி அது. விற்றவன் பிக்கப் என்று சொல்லி விற்றானாம். எங்கள் ஊரில் அதற்கு அதுவே பெயராகிவிட்டது. அவரைக்காய் மூட்டையும் தக்காளிக் கூடையும் ஏற்றிக்கொண்டு விடியும் நேரத்தில் மாமா அரூர் சந்தைக்குக் கிளம்புவார்.

அந்த மார்கழியில் எங்கள் பக்கம் பனி பலமாக இறங்கியது. கிணற்று மேட்டில் நின்றால் கிணறு தெரியாது. தீர்த்தமலை இருக்கும் திசையில் மலையே இருக்காது. யாரோ துடைத்து எடுத்துவிட்ட மாதிரி வெறும் வெள்ளையாக இருக்கும். அப்படி ஒரு காலையில் மாமா வண்டியைக் கிளப்பியதும் என்ஜினுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. சுவர்ப் பல்லி கத்துவது போலவே இருந்தது. கொஞ்ச நேரம் கத்தியது. என்ஜின் சூடேறியதும் மெல்ல மெல்ல அடங்கிப்போனது.

சாணம் தெளித்துக்கொண்டிருந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

“பல்லி சொல்லுது. கெளம்பாதடா தம்பி.”

“என்ஜினுக்குள்ள ஏதுக்கா பல்லி? கருகிப் போயிருக்கும்.”

“எங்க இருந்தா உனக்கென்ன. தெக்கால இருந்து சொல்லுது. அடங்கட்டும், அப்புறமாப் போ.”

மறுநாள் மாமா சாமர்த்தியமாக வண்டியைத் திருப்பி நிறுத்தினார். இப்போது என்ஜின் வடக்குப் பக்கம் இருந்தது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சகுனத்தை ஏமாற்ற முடியாது, எந்தத் திசையானாலும் அது அடங்கிய பிறகுதான் சக்கரம் உருள வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். அக்காள் பேச்சை மாமா மீறியதே இல்லை. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வண்டி நின்றது மூன்று பக்கம் மண்சுவர் வைத்த ஓலைக் கொட்டகையில். நான்காவது பக்கத்தில் பனிக்காகச் சாக்குப் படுதா தொங்கியது. மாமா என்ஜினை ஓடவிட்டுவிட்டு, கதவிடுக்குகளில் சாக்கை அடைத்துக்கொண்டு, பல்லி அடங்கும் வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார். குளிருக்கு அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வது என் வேலை.

அந்த அரைமணி நேரத்தைப் போல ஒரு சுகத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் காணவில்லை. இப்போது என் வண்டியில் ஏசி இருக்கிறது, சூடும் தரும், குளிரும் தரும். அதுவும் இதுவும் ஒன்றா? காலடியிலிருந்து வெதுவெதுப்பு ஏறிவரும். டிக் டிக் என்று பல்லி எண்ணிக்கொண்டே இருக்கும். நானும் சேர்ந்து எண்ணுவேன். முப்பது வரை போவேன், அதற்குமேல் எண்கள் வழுக்கிக்கொண்டு போய்விடும். துடைத்து எடுக்கப்பட்ட தீர்த்தமலை கொட்டகை வாசலுக்கு வந்து நிற்கும். படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும். கூடைத் தக்காளிகள் ஒவ்வொன்றாக எழுந்து விளக்குகளாக மிதக்கும். மாமா ஏதோ சொல்வார். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல நேரம் கழித்து வந்து சேரும். நான் பதில் சொன்னேனா, சொன்னதாக நினைத்தேனா தெரியாது. எனக்கு உடம்பே இல்லாததுபோல இருக்கும்.

பல்லி அடங்கியதும் வண்டி கிளம்பும். ஏரிக்கரைத் திருப்பத்தில் என்னை இறக்கிவிட்டுவிட்டு மாமா போய்விடுவார். நான் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். தலை வலிக்கும். இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தேன். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். தலைவலியை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அடுத்த விடியலுக்காகக் காத்திருப்பேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில், என்னை இறக்கிவிட்ட கொஞ்ச தூரத்திலேயே, பிக்கப் பாதையை விட்டு இறங்கி ஒரு ராகிக் கொல்லைக்குள் மெதுவாக நடந்துபோய் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. தூக்கிவிட வந்தவர்கள் பார்த்தபோது மாமா ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துச் சிரித்த முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாராம். எழுப்பினால் நாக்குக் குழறியதாம், கண் சிவந்திருந்ததாம். வேறென்ன சொல்வார்கள்? விடியற்காலையிலேயே ஊற்றிக்கொண்டு ஓட்டுகிறான் என்றார்கள்.

மாமா சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்காதவர். ஆனால் பேச்சு அவரைவிட வேகமாக ஓடியது. தையில் நிச்சயம் செய்வதாகப் பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். தீர்த்தமலைக்குப் பக்கத்து ஊர். மூன்றாம் நாளே அங்கிருந்து ஆள் வந்துவிட்டது. குடிக்கிற பையனுக்குக் கொடுப்பதாக இல்லை, மெய்யா பொய்யா என்று ஊரறிய விளங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போனார்.

மாமா சொன்னார், குடியில்லை, வண்டியில்தான் என்னவோ இருக்கிறது, அந்தச் சத்தம் வந்த நாளிலிருந்துதான் தனக்குத் தலை சுற்றுகிறது என்று. அப்பா அவரைக் கம்பைநல்லூரில் பட்டறை வைத்திருந்த பாயிடம் அனுப்பினார். மூன்று மைல். மாமா ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகிப் பல்லி அடங்கிவிட்டது. பாய் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கோளாறு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் தடவை போனபோது, “சத்தம் வண்டியிலயா, உன் மண்டையிலயா தம்பி?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்ததும் ஊருக்கு வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் அப்பா முடிவு சொன்னார். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது, மாமா பேசாமல் ஏர் பிடிப்பது. மாமா வாசலில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வண்டியும் போகிறது, பெண்ணும் போகிறாள், பேரும் போகிறது. எனக்கோ அந்தத் தக்காளி விளக்குகள் போகின்றன. அந்த ஏக்கத்தில்தான் எனக்கு அது தோன்றியது.

“சூடானாத்தானே பல்லி வாய மூடிக்குது? கெளப்பாமலே கொண்டுபோலாம். நம்ம மாட்ட வச்சு இழுத்துக்கிட்டுப் போலாம்” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். “பிக்கப்ப மாடு இழுக்குதுன்னா ஊரே சிரிக்கும்டா.”

மாமா தலை நிமிர்ந்தார். “ஊரு இப்ப மட்டும் அழுவுதுங்களா மச்சான்?”

மறுநாள் விடியலில், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையின் கனமான வடத்தை வண்டியின் முன்கம்பியில் கட்டி, எங்கள் கிணற்று மாடுகள் இரண்டையும் பூட்டினோம். ஸ்டியரிங்கில் மாமா. மாட்டோடு அப்பா. முன்னால் நான். பனிக்குள் நாங்கள் போனது கனவில் போகும் ஊர்வலம் மாதிரி இருந்தது. வண்டி சத்தமில்லாமல் மிதந்து வந்தது.

நாங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. அவை கவலை மாடுகள். சாய்வில் இறங்கி, சால் என்கிற பெரிய தண்ணீர் வாளியை இழுக்கும். சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டிவிட்டால் கயிறு தளரும். தளர்ந்ததும் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு வந்து நிற்கும். ஏழு வருஷம் அதையே செய்த மாடுகள். ஏரிக்கரை இறக்கத்தில் வண்டி தானாக உருளத் தொடங்கியது. கயிறு தளர்ந்தது. மாடுகள் இரண்டும், சால் கொட்டிவிட்டது என்று, ஒழுங்காகப் பின்னால் நடக்க ஆரம்பித்தன. வண்டி முன்னால் வருகிறது, மாடு பின்னால் வருகிறது, நடுவில் அப்பா. மாமா பிரேக்கை மிதித்ததில் ஒரு முழ இடைவெளியில் நின்றது. அதன் பிறகு இறக்கம் வந்த இடமெல்லாம் மாமா பிரேக்கைக் காலில் பிடித்துக்கொண்டே வந்தார், கயிறு விறைப்பாக இருப்பதற்காக.

எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் இறங்கி ஓரமாக நின்றார். “ஏன் மாப்ள, பெட்ரோலு போட்டா போதை ஏறுதுன்னு புல்லு போடறீங்களா?” என்றார். அப்பா, “பால்ல ஊத்தற தண்ணி கொஞ்சம் மிச்சமிருந்தா மாட்டுக்குக் காட்டிட்டுப் போ” என்றார்.

பட்டறை வாசலில் பாய் பல் துலக்கிக்கொண்டிருந்தார். மாடு பூட்டிய பிக்கப்பைப் பார்த்ததும் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. “கெளப்புங்க” என்றார் வாயைக் கொப்பளித்துவிட்டு.

மாமா கிளப்பினார். குளிர்ந்த என்ஜின் ஒரு முறை குலுங்கியது. டிக், டிக், டிக். மூன்று தடவை வாயடைத்து நின்ற பல்லி பாயின் முகத்துக்கு நேராகக் கத்தியது. மாமா அழுதுவிட்டார்.

பாய் அப்புறம் வேறு ஆளாகிவிட்டார். கீழே கிடந்த சேவல் இறகு ஒன்றை எடுத்து, என்ஜினின் பக்கவாட்டில் ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே வந்தார். புகைக் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் இறகு, சத்தத்துக்குச் சரியாகத் துடித்தது. அங்கே ஒரு போல்ட்டு முறிந்திருந்தது, கசியாமலிருக்க உள்ளே வைத்த பேக்கிங் கருகிப் போயிருந்தது. அந்தச் சந்து வழியாகப் புகை அடித்து அடித்து வெளியே வந்ததுதான் பல்லி. “சூடானா இரும்பு விரிஞ்சு சந்து சிறுத்துப் போயிடும், சத்தம் கேக்காது. கசிவு நிக்காது” என்றார். பிறகு கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். கால் வைக்கும் தகட்டில் இருந்த ஓட்டைகளில் விரல் விட்டார். விரல் கறுப்பாக வந்தது. இடுக்கில் அடைத்திருந்த சாக்கை உருவி எடுத்தார்.

“சத்தம் அடங்கற வரைக்கும் எங்க இருப்பே?”

“உள்ளதான் பாய். அடங்காம எடுக்கக்கூடாதுன்னு அக்கா சொல்லுது.”

“தனியாவா?”

மாமா என்னைக் கை காட்டினார்.

பாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை வெகுநேரம் துடைத்தார். அப்புறம் அப்பாவைத் தள்ளி அழைத்துக்கொண்டு போய் ஏதோ சொன்னார். நான் இறகுக்குச் சொந்தக்காரச் சேவலைத் துரத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று அப்பா வந்து என்னைத் தூக்கினார். அவர் பிள்ளைகளைத் தூக்குகிற ஆள் இல்லை. என் தலையில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து முகர்ந்தார். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுத் திரும்பிய மூன்று மைலும் என்னை இறக்கவே இல்லை. மாட்டைக்கூட மாமாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். மாடு பூட்டச் சொன்ன யோசனைக்குப் பரிசு இது என்று நினைத்துக்கொண்டு, ஊர் எல்லை வந்ததும் எல்லோரும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பாயே பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். தையில் நிச்சயம் நடந்தது. வண்டியும் தப்பித்தது. ஆனால் ரிப்பேர் ஆகி வந்த மறுநாள் விடியலில் நான் ஓடிப்போய் உள்ளே ஏறியபோது பல்லி கத்தவில்லை. சாக்கு இல்லை. மலை வரவில்லை, தக்காளி தக்காளியாகவே இருந்தது. வெறுமனே குளிரடித்தது. பாய் பழைய பேக்கிங்கோடு சேர்த்து என் கனவையும் கழற்றிப் பட்டறையிலேயே போட்டுவிட்டார் என்று எனக்குக் கோபம். “பழைய மாதிரியே பண்ணிக் குடுங்க மாமா” என்று அழுதேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். அந்தப் பல்லியைப் பற்றி அவள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பாய் அன்று அப்பாவிடம் சொன்னதை, நான் முதல் லாரி வாங்கியபோதுதான் மாமா எனக்குச் சொன்னார். அந்தப் புகையில் ஒரு நஞ்சு உண்டு, வாசனையில்லாதது, தாலாட்டித்தான் கொல்லும். “இன்னொரு வாரம் போயிருந்தா ரெண்டு பேரையும் உள்ளிருந்து எடுத்திருப்பீங்க” என்றாராம். நான் சுகம் என்று எண்ணி முப்பது வரை எண்ணியது அதைத்தான்.

இப்போது மாமாவின் பேரன் குடும்ப வாட்சப்பில் இந்தக் கதையை எழுதிப் போட்டிருக்கிறான். பாய் கண்டுபிடித்தாராம், என் அப்பா மாடு பூட்டினாராம். பாய் மூன்று தடவை இல்லையென்றவர். அப்பா விற்கச் சொன்னவர். நான் அந்த வண்டி போகக் கூடாது என்ற ஆசையில்தான் வாயைத் திறந்தேன், அது உண்மை. யார் உயிரையும் காப்பாற்ற நினைக்கவில்லை. அதனால் என்ன? திறந்த வாய் என்னுடையது. அவன் பாட்டன் மணமேடை ஏறியதும் அவன் பிறந்ததும் அதனால்தான். வண்டி சூடாகாமல் மாடு வைத்து இழுத்துப் போகச் சொன்னவன் அக்காள் மகன் என்று ஒரு வரி சேர்த்து, அதை அவன் மறுபடி போட வேண்டும்.