மீன்கள் வைத்த நோன்பு

என் மச்சான் செய்யது மீரான் விஞ்ஞானி இல்லை. மீனுக்குத் தீனி போடுகிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் டன்லப் ஸ்திரீட்டில் என் துணிக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "உங்க மச்சான் ஹார்ட்டுக்கு வைத்தியம் கண்டுபிடிச்சாராமே?" என்று கேட்டு என் உயிரை வாங்குகிறார்கள்.

கிளமெண்டி பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடம். அங்கே தொட்டி தொட்டியாகச் சுண்டுவிரல் நீள வரிமீன்கள். அந்த மீனின் இதயத்தில் காயம் பட்டால் அதுவே வளர்ந்து மூடிக்கொள்ளும். நமக்கு மூடாது. ஏன் என்று இருபது வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்பவர் டாக்டர் சுந்தரேசன். குடல்புழுவுக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் கரைத்தால் காயம் இன்னும் வேகமாக ஆறுமா என்று பார்த்தார். மாத்திரைத் தண்ணீர் மீன்கள் மச்சான் பொறுப்பு. வெறும் தண்ணீர் மீன்கள், கூட வேலை செய்யும் மருதப்பன் பொறுப்பு.

ஆறியதே! ஒரே மாதம், இரண்டு மடங்கு வேகம். சுந்தரேசனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெரிந்த மாத்திரைதானே, மனிதர்களுக்கே கொடுத்துப் பார்க்கலாம் என்று ஆள் சேர்த்தார்கள். முதல் பட்டியலிலேயே என் லாத்தா, அதாவது என் அக்கா, மச்சானின் மனைவி கதீஜாவின் பெயர் இருந்தது. மாரடைப்பு வந்ததிலிருந்து லாத்தாவின் இதயத்துக்கு வலு இல்லை. உட்லண்ட்ஸ் வீட்டில் லிஃப்டிலிருந்து கதவுக்கு நடப்பதற்குள் இரண்டு தடவை நிற்பார். புது மாத்திரைக்காக, இப்போது சாப்பிடுகிற மாத்திரை ஒன்றை நிறுத்த வேண்டுமாம்.

மச்சான் மறுநாளே என் கடைக்கு வந்து கைலிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

"மாப்ள, மீனுக்குக் காயம் ஆறுன மாசம் நோன்பு மாசம்."

"அதுக்கென்ன?"

"மீனும் நோன்பு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீன் தீனி காய்ந்த இறால் குஞ்சு. பட்டப்பகலில் அந்த டப்பாவைத் திறந்தால் கருவாட்டு வாசம் தூக்குமாம், நாக்கு ஊறி நோன்பே கலங்குமாம். அதனால் இவர் என்ன செய்திருக்கிறார்? பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பேரீச்சம்பழம் கடித்து நோன்பு திறந்த கையோடு, மீன்களுக்கும் முழுநாள் தீனியை மொத்தமாகப் போட்டிருக்கிறார். நோட்டில் மட்டும் "காலை 8, போட்டாச்சு, நண்பகல் 12, போட்டாச்சு" என்று முப்பது நாளும் எழுதிவைத்தார்.

"அட பாவி மனுஷா! அப்போ ஆத்துனது மாத்திரையா, பட்டினியா?"

"யாருக்குத் தெரியும்? சொன்னா வேலை போயிடும் லா. சொல்லாட்டி கதீஜா..."

கடையைச் சாத்திவிட்டு நானே அவரை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"மீரான் பாய், மீன் எதுக்கு பாய் நோன்பு வைக்கணும்?"

"நான் வைக்கச் சொல்லலை சார். அதுங்க ஒண்ணும் ஆட்சேபணை சொல்லலை."

மனிதர் ஆள் சேர்ப்பதை அன்றே நிறுத்தினார். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்த்தார். மாத்திரை மட்டும் கொடுத்த மீனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பட்டினி போட்ட மீனுக்கு ஆறியது. ஆட்களை வைத்து அதையும் சோதிக்கப்போவதாக, ஒரே மூச்சில் வாசிக்க முடியாத பெயரோடு அறிவிப்பு வந்தது. மச்சானை வேலையைவிட்டுத் தூக்குவார்கள் என்று பார்த்தால், "உணவு நேர ஆலோசகர்" என்று கார்டு அடித்துக் கொடுத்தார்கள். கூத்தைப் பாருங்கள்!

லாத்தா மறுபடியும் பெயர் கொடுத்தார். நோயாளிகளில் பாதிப் பேர் பகலில் சாப்பிடக்கூடாது. பாதிப் பேர் நண்பகலில் கட்டாயம் சாப்பிட வேண்டும். கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டது. லாத்தாவுக்கு நண்பகல் சோறு. வீட்டில் ஒருவர் நேரம் தவறாமல் நோட்டில் எழுத வேண்டும். சோதனை தொடங்கிய நாளோ, அடுத்த வருஷ நோன்பு மாதத்தின் முதல் நாள்.

அன்று நானும் அங்கே இருந்தேன். சரியாகப் பன்னிரண்டுக்கு மச்சான் தட்டை வைத்தார். லாத்தா தட்டைத் தள்ளினார்.

"வீடே நோன்பு, எனக்கு மட்டும் தனியா சோறா? மீனுக்குக்கூட நீங்க இப்படிச் செய்யலையே. மக்ரிபுக்கு உங்களோட சாப்பிடுறேன். போட்டாச்சுன்னு எழுதிடுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

"மீனுக்குப் பொய் எழுதுனேன் கதீஜா. உனக்கு எழுத மாட்டேன்."

சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு லாத்தாவின் எதிரிலேயே உட்கார்ந்தார். நான் கிளம்பும்போது நோட்டை எட்டிப் பார்த்தேன்.

"12.00. போட்டேன். சாப்பிடவில்லை.

12.20. கெஞ்சினேன். சாப்பிடவில்லை.

12.45. அழுதேன். இரண்டு வாய் சாப்பிட்டாள்."